சுவரில் பெயர் எழுதிய பிள்ளை

இந்த மாதக் கடைசியோடு நான் இந்த வேலையை விடுகிறேன். ஓய்வு பெறும் வயதில்லை. மகனுக்கு இன்னும் மூன்று வயதுகூட ஆகவில்லை. கணவருக்கு மெல்பேர்னில் வேலை. அங்கே ரோவிலில் வீடும் எடுத்தாயிற்று. வார இறுதியில் மட்டும் வந்து போகும் அவரை மகன் 'சனிக்கிழமை அப்பா' என்று சொல்லத் தொடங்கிவிட்டான். அதனால் போகிறேன். என் கதிரையில் வந்து உட்காரப் போகிறவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களை நினைத்துத்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். எனக்கு அறிவுரை சொல்லும் அனுபவம் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் மனம் கேட்காது.

சட்ட விஷயங்களை நம் அகதிகள் சட்ட உதவி நிலையத்தில் சொல்லித் தருவார்கள். எதை யாருக்கு அனுப்புவது, எந்தத் தேதிக்குள் அனுப்புவது என்பதெல்லாம் சீக்கிரம் கைவந்துவிடும். கைவராதது வேறு. சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாமல் பாதுகாப்பு விசா கேட்டு வந்த ஒருவர் நம் முன்னால் உட்கார்ந்து தன் வாழ்க்கையைச் சொல்கிறார். நாம் அதை வாக்குமூலமாக எழுதுகிறோம். அவர் கையெழுத்து வைக்கிறார். அதன்பிறகு, முடிவெடுக்கும் அதிகாரிக்கு அவருடைய வாழ்க்கை என்பது நாம் எழுதிய அந்தச் சில பக்கங்கள்தான். இதை யோசித்துச் சில நாட்களில் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இது தனிமையான வேலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேட்டதை வெளியில் சொல்ல முடியாது. அம்மா போன வருடம் காலமான பிறகு, பென்டில் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டில் சொல்லாமல் சொல்லவும் ஆளில்லை. கணவர் தொலைபேசியில் "இண்டைக்கு வேலை எப்பிடி?" என்று கேட்பார். "பரவாயில்லை" என்பேன். பிறகு மகன் என்ன சாப்பிட்டான், என்ன துப்பினான் என்பதைப் பற்றிப் பேசுவோம்.

ஹனான் எங்களிடம் வந்தது அந்த நாட்களில்தான். அது அவளுடைய பெயரில்லை. இதை எழுதலாமா என்று கேட்டபோது, எழுதுங்கள் என்று சொல்லி அவளே தெரிந்தெடுத்துத் தந்த பெயர் அது. காசாவிலிருந்து வந்தவள். என்னைவிடச் சில வயது இளையவள். அங்கே பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்திருந்ததால் எங்களுக்கு நடுவில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. மெரிலேண்ட்ஸில் மாமா வீட்டின் பின்பக்க அறையில் இருந்தாள். தாயும் தங்கைகளும் காசாவில் கூடாரத்தில். எங்கள் அறைக்குள் கைபேசியை அணைத்து வைக்க வேண்டும் என்பது விதி. அவளோ அதைத் திரை தெரியும்படி மேசைமேல் வைத்துக்கொண்டுதான் பேசுவாள். அங்கிருந்து எந்த நேரமும் செய்தி வரலாம் என்று நான் தடுக்கவில்லை.

முதல் நாளே என்னிடம் கேட்டாள்: "உங்களுக்குப் பிள்ளை இருக்கிறதா?"

"ஒரு மகன். கவின்."

"அப்படியென்றால் நீங்கள் உம் கவின்."

கவினின் அம்மா என்று பொருளாம். பிள்ளை பெற்ற பெண்ணைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்து அழைப்பதுதான் அவர்கள் ஊரில் மரியாதை.

"கஷ்டப்பட்டுப் படித்துப் பட்டம் வாங்கியும் கடைசியில் கவினின் அம்மாதானா?" என்றேன்.

"எங்கள் ஊரில் அது பட்டத்துக்கு மேலே," என்று சிரித்தாள்.

சிறுவயதைப் பற்றிக் கேட்டபோது அவள் தன் வீட்டைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் தாழ்வாரத்தைப் பற்றிச் சொன்னாள். சண்டை தொடங்கினால் பள்ளிக்கூடம் அடைக்கலமாகிவிடும். வகுப்பறைகள் நிறைந்த பிறகு வருகிற குடும்பங்கள் தாழ்வாரத்தில். கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டால் அது ஒரு வீடு. யாருடைய இடம் எது என்று ஓயாத சச்சரவு. ஹனான் அப்போது சின்னப் பிள்ளை, ஆனால் கையெழுத்து அழகு. ஆசிரியை ஒருவர் அவளிடம் வெண்கட்டியைக் கொடுத்து, ஒவ்வொரு இடத்துக்கும் மேலே சுவரில் அந்தக் குடும்பத்தின் பெயரை எழுதச் சொன்னார். எழுதியதும் சச்சரவு நின்றுவிட்டது.

"பெரிய பெரிய மீசைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள்," என்றாள் ஹனான். "எங்களுடையதைக் கொஞ்சம் பெரிதாக எழுது மகளே என்று கெஞ்சினார்கள். வீடு போய்விட்டது, கடை போய்விட்டது. சுவரில் பெயர் இருந்தால் போதும் என்று நினைத்தார்கள்."

ஒரு குடும்பம் தங்கள் வீடு மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துவரப் போனது. திரும்பவில்லை. அந்த இடத்துக்கு வேறொரு குடும்பம் மூட்டைகளோடு வந்து நின்றது. சுவரில் பழைய பெயர். அதைத் துடைக்கப் பெரியவர்கள் யாருக்கும் கை வரவில்லை. நீதானே எழுதினாய், நீயே அழி என்று இவளிடம் ஈரத்துணியைக் கொடுத்தார்கள். இவள் அழிக்கவில்லை. பழைய பெயருக்குக் கீழே புதிய பெயரைச் சின்னதாக எழுதினாள். திட்டு வாங்கினாள். பிறகும் அப்படியே செய்தாள். சில இடங்களில் பெயர்கள் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தரைவரைக்கும் வந்துவிட்டனவாம்.

அவள் சொல்லச் சொல்ல நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்," என்றும் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். நான் எங்கிருந்து வந்தவள், எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எங்கள் மூத்த வழக்கறிஞர் மதுரைக்காரர். பெயரைப் போட்டால் திட்டுவார். அக்கா என்றே வைக்கிறேன். என் குறிப்புகளைப் படித்துவிட்டுச் சொன்னார்: "மனச என்னமோ பண்ணுதும்மா. ஆனா கேஸுக்கு இது எதுக்கு? சின்ன வயசு ஒரே பாரா போதும். இப்ப திரும்பிப் போனா என்ன ஆகும்கறதுதான் முக்கியம். அத எழுது."

"ஓம் அக்கா."

"ஓம்னு சொன்னா யாகம் வளக்கற மாதிரியே இருக்கு. ஆமான்னு சொல்லேன் ஒரு தடவ."

அவர் சொன்னது தவறில்லை. நீங்களும் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும். ஆகவே தாழ்வாரத்தை எடுத்துவிட்டு, சிறுவயதை ஒரே பத்தியாகச் சுருக்க உட்கார்ந்தேன். பாதியில் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்திலிருந்து அழைப்பு: கவினுக்குக் காய்ச்சல், உடனே வந்து கூட்டிப் போகவும். மிச்சத்தை எழுதி முடித்துவிட்டு ஓடினேன். அந்தப் பத்தி இப்படி இருந்தது: 'குண்டுவீச்சு தொடங்கியதும் நாங்கள் வீட்டுப் பக்கத்தில் இருந்த பதுங்குகுழிக்கு ஓடுவோம். அப்பா எங்களை ஒவ்வொருவராக உள்ளே இறக்கிவிட்டுக் கடைசியாகத் தான் இறங்குவார்.'

சுருக்கமாகவும் நன்றாகவும் இருந்தது. அக்காவும் நன்றாக இருக்கிறது என்றார். ஹனானுக்குப் படித்துக் காட்டினேன். கையெழுத்து வைத்தாள். அனுப்பிவிட்டோம்.

மாதங்கள் கழித்து நேர்காணலுக்கு நாள் வந்தது. அதற்கு முந்தைய நாள் விண்ணப்பதாரரை உட்காரவைத்து, அதிகாரி கேட்பதுபோல் நாமே கேட்டுப் பார்ப்பது வழக்கம். வாக்குமூலத்தில் உள்ள ஒவ்வொரு வரியிலிருந்தும் ஒரு கேள்வி. ஹனான் நன்றாகத்தான் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் கேட்டேன்: "பதுங்குகுழி வீட்டின் எந்தப் பக்கம் இருந்தது?"

அவள் என்னையே பார்த்தாள். விளையாடுகிறேனா என்று பார்ப்பதுபோல் ஒரு பார்வை.

"அது உங்களுக்குத்தான் தெரியும், உம் கவின்," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டேன்.

"எங்களிடம் பதுங்குகுழி இருக்கவில்லை. ஒருவர் தலைமேல் ஒருவராகக் குடியிருக்கிற மாடிக் கட்டடம். குழியை எங்கே வெட்டுவது? நாங்கள் படிக்கட்டுக்குக் கீழே போய் இருப்போம். அதுவும் முடியாவிட்டால் பள்ளிக்கூடம்."

"ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

"நீங்கள் எல்லாம் தெரிந்தவர்போல் தலையாட்டினீர்கள். இந்த நாட்டில் இப்படி எழுதினால்தான் புரியுமாக்கும் என்று நினைத்தேன்." பிறகு, "அதோடு, அந்த அப்பா நல்லவராக இருந்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது," என்றாள்.

அந்த அப்பா என்னுடைய அப்பா.

நான் வன்னியில் பிறந்து வளர்ந்தவள். அங்கே சமைக்கக் குசினி இல்லாத வீடு இருக்கலாம், பங்கர் என்று நாங்கள் சொல்லும் பதுங்குகுழி இல்லாத வீடு கிடையாது. எங்கள் போர்க்காலப் பிள்ளைகளுக்குக் குண்டுச் சத்தம் என்றால் அடுத்தது பங்கர்தான்; நடுவில் வேறொரு எண்ணம் வராது. அதனால் எழுதும்போது பொய் எழுதுகிறோம் என்ற உறுத்தல்கூட எனக்கு வரவில்லை. கை தானாக எழுதியிருக்கிறது. நம்மில் போரைக் கண்டவர்கள் இந்த வேலைக்கு வந்தால் இந்த ஆபத்து உண்டு. போரைப் பெற்றோர் வாயால் மட்டும் கேட்டவர்களுக்கும் உண்டு என்று நினைக்கிறேன். அடுத்தவருடைய துன்பம் நமக்குத் தெரியும் என்று நினைக்கும் இடத்தில் நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம்.

ஹனானை அறையில் இருத்திவிட்டு அக்காவிடம் ஓடினேன். அன்றைக்குக் கவினும் என் இடுப்பில் இருந்தான். மறுபடி காய்ச்சல், பராமரிப்பு நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். அக்கா கேட்டு முடித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"நாளைக்கு இன்டர்வியூ. இப்பப் போய், பங்கர் இல்ல, படிக்கட்டுன்னு சொன்னா, அப்ப மத்ததெல்லாம் நிஜமான்னு கேப்பாங்கம்மா."

"விட்டுட்டா, அக்கா?"

"விட்டா அந்தப் பொண்ணு பொய் சொல்லணும். ஒரு பொய்ய மாட்டிக்காம சொல்ல அவளுக்குத் தெரியுமா? மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிரும்." கவினை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "திருத்தம் அனுப்பு. எழுதினவங்க தவறுன்னு ஒரு வரி. முடிஞ்சது."

அந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரியின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். நேர்காணலுக்கு முந்தைய நாள் கதை மாறுகிறது. வழக்கறிஞர் அலுவலகம் பழியை ஏற்றுக்கொள்கிறது. நானாக இருந்தால் நம்பமாட்டேன். அப்பாவின் முகம் தெரியும்படி எழுதப்பட்ட வரி, தட்டச்சுத் தவறாக எப்படி இருக்க முடியும்? நம்ப வேண்டுமென்றால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவள் நான்.

இது சின்ன விஷயமாக உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அப்படி இல்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மா சொல்லித் தந்தது ஒன்றுதான்: "ஆரும் எந்த இடம் எண்டு கேட்டா யாழ்ப்பாணம் எண்டு மட்டும் சொல்லு. வன்னி எண்டா சந்தேகமாப் பாப்பினம். வேற ஒண்டும் கதைக்காதை." பள்ளிக்கூடத்தில், பல்கலைக்கழகத்தில், இந்த அலுவலகத்தில்கூட அப்படித்தான் இருந்தேன். கொழும்பில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த கணவருக்கும் மேலோட்டமாகத்தான் தெரியும். அவரைத் தொலைபேசியில் அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"உதுகளை ஏன் இப்ப எழுதுறீர்?" என்றார். "உம்மட பெயரோட அரசாங்க ஃபைலுக்குள்ள போகும். யோசிச்சுச் செய்யும்."

"யோசிச்சிட்டன்."

"அழுறீரோ?"

"இல்லை, தடிமன். மூக்கு ஒழுகுது."

"கவினுக்கும் உமக்கும் ஒரே நேரத்தில எல்லாம் வரும்," என்றார். பிறகு, "சரி, எழுதும். எழுதிப்போட்டு எனக்கும் அனுப்பும்," என்றார்.

அறைக்குத் திரும்பி ஹனானிடம் நடந்ததைச் சொன்னேன். நாளைக்கு இதனால் உனக்குக் கேடு வரலாம், வராமலும் போகலாம், எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். இப்படி வெளிப்படையாகச் சொல்வது சரியா என்று அப்போதும் சந்தேகமாகத்தான் இருந்தது. அவள் யோசித்தாள். "என் பத்தியை நானே எழுதுகிறேன். உங்களுடையதை நீங்கள் எழுதுங்கள்," என்றாள்.

மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து எழுதினோம். அவள் தாழ்வாரத்தைப் பற்றியும் சுவரைப் பற்றியும் நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போனாள். எனக்கு முதல் வாக்கியமே வரவில்லை. மற்றவர்களுக்காக எத்தனையோ எழுதிய கை. கடைசியில், உண்மை என்று சத்தியம் செய்து கொடுக்கும் ஒரு சத்தியக்கடதாசிக்கு வேண்டிய அளவு எழுதினேன்: நான் இன்னார், போர் நடந்த வன்னியில் வளர்ந்தேன், எங்கள் வீட்டைச் சுற்றியிருந்த வளவில் பதுங்குகுழி வெட்டப்பட்டிருந்தது, பனங்குற்றிகளும் அம்மாவின் சேலைகளில் தைத்த மண்மூட்டைகளும் அதன்மேல் இருந்தன, விண்ணப்பதாரரின் சிறுவயதை எழுதும்போது என் சிறுவயதை எழுதிவிட்டேன், அது அவர் சொன்னதல்ல.

ஹனான் அதை வாங்கிப் படித்தாள். "வெட்டப்பட்டிருந்தது என்று இருக்கிறது. யார் வெட்டியது?"

"அது இதற்குத் தேவையில்லை."

"யார் செய்தது என்று இல்லாவிட்டால் நம்பமாட்டார்கள் என்று என்னிடம் எத்தனை தரம் சொன்னீர்கள்?"

பேனாவை எடுத்து, 'என் அப்பா வெட்டினார்' என்று திருத்தினேன்.

அடுத்த நாள் கவினைப் பக்கத்து வீட்டு அன்ரியிடம் விட்டுவிட்டுப் போனேன். நேர்காணலில் நம்மைப் போன்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில்தான் ஏதாவது சொல்லவிடுவார்கள். அதிகாரி பெண். என் காகிதத்தை மேலே வைத்திருந்தார். எடுத்த எடுப்பிலேயே அதில்தான் தொடங்கினார்.

"முதலில் பதுங்குகுழி என்றீர்கள். இப்போது படிக்கட்டு என்கிறீர்கள். எதை நான் நம்ப வேண்டும்?"

ஹனான் சொன்னாள்: "பதுங்குகுழி இவருடையது. படிக்கட்டு என்னுடையது."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். ஒரு கேள்வி வந்தால் சொல்லலாம் என்று மனத்துக்குள் எவ்வளவோ தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. பக்கத்தைத் திருப்பி, ஹனானிடம் அந்தச் சுவரைப் பற்றிக் கேட்டார். துணியைக் கையில் கொடுத்தது யார், அவள் ஏன் அழிக்கவில்லை, திட்டிய பிறகு என்ன செய்தாள். ஹனான் சொன்னாள். நான் முன்பு தலையாட்டிக் கேட்ட கதைதான். ஆனால் நான் கேட்காத எத்தனையோ விஷயங்கள் அதில் இருந்தன. திரும்பி வராத அந்தக் குடும்பத்தில் அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி இருந்தாள் என்பதை நான் அங்கேதான் அறிந்தேன். பெயர்களில் முதலாவதாக அவள் எழுதியது அந்தத் தோழியின் குடும்பப் பெயரைத்தான்.

முடிவு வரப் பல மாதங்கள் ஆயின. விசா கிடைத்தது. என் காகிதம் அதற்கு உதவியதா, அது இல்லாமலும் கிடைத்திருக்குமா, எனக்குத் தெரியாது. அனுப்பியது சரி என்று உங்களிடம் உறுதியாகச் சொல்ல எனக்கு ஆசைதான். அவளுக்குப் பாதகமாக முடிந்திருந்தால் இதே விஷயத்தை எந்த முகத்தோடு எழுதுவேன் என்றும் நினைத்துக்கொள்கிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். எழுதியதைப் படித்துக் காட்டி "சரியா?" என்று கேட்காதீர்கள். சரி என்றுதான் சொல்வார்கள். நம்மிடம் வருகிறவர்களுக்கு நம்மை மறுக்க ஏது துணிச்சல்? எழுதியதைத் தள்ளி வைத்துவிட்டு, மறுபடி அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

அன்று நேர்காணல் முடிந்து சென்ட்ரலில் ரயில் ஏறினோம். மெரிலேண்ட்ஸுக்குப் போகிறவர்கள் பரமட்டாவில் இறங்கி வேறு ரயில் பிடிக்க வேண்டும். எனக்கு அதே ரயில் பென்டில் ஹில்வரை போகும். ரயில் ஸ்ட்ராத்ஃபீல்டைத் தாண்டிய பிறகு ஹனான் கேட்டாள்: "கடைசியாக இறங்குவார் என்று எழுதியிருந்தீர்களே, அந்த அப்பா. அவருக்கு என்ன நடந்தது?"

இந்த நாட்டில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கேட்கும்படி நான் யாரையும் விட்டதில்லை. எங்கள் வளவிலிருந்து தொடங்கினேன். மண்ணின் நிறத்தை, அப்பா மண்வெட்டிக்குப் பிடி போட்ட விதத்தை, எதிலிருந்து எதற்குப் போவது என்று தெரியாமல், நம்மிடம் வருகிறவர்கள் சொல்வதுபோலவே முன்னும் பின்னுமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த பையன் காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தான்; தமிழா அரபியா என்று யோசித்திருப்பான், நாங்கள் பேசியது ஆங்கிலம்.

குண்டு விழுந்த அந்தக் கடைசி நாளுக்கு நான் வந்து சேர்ந்தபோது பரமட்டா வந்தது. கதவுகள் திறந்தன. நான் நிறுத்தினேன்.

"உன்னுடைய ரயில்," என்றேன்.

"தெரியும்," என்றாள். எழும்பவில்லை. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கதவுகள் மூடின.

"சொல்லுங்கள்," என்றாள். "அன்றைக்குக் குழிக்குள் முதலில் யார் இறங்கியது?"